கறுப்புக் கோட்டும் வெங்காய மூட்டையும்

தையல்காரர்கள் பொய் சொல்கிறவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நாங்கள் நாள் சொல்கிறோம், அவ்வளவுதான். நாளைக்கு வாங்க என்று சொல்லும்போது மனதார நம்பித்தான் சொல்கிறோம். மறுநாள் விடிந்த பிறகுதான் அது ஆகாத காரியம் என்று எங்களுக்கே தெரியவருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டும் இல்லையா.

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. விலங்கைத் தளர்த்திவிட்டதற்கும் நன்றி.

என் கடை கடைத்தெருவில், இரும்புக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஒரு நீள மேசை, இரண்டு மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, துணியைப் போட்டுப் பார்ப்பதற்கு மூலையில் திரை கட்டிய ஒரு மறைப்பு. பின்கட்டில் வீடு. வெள்ளத்துக்கு முன்னால் நீதிபதி தன் கறுப்புக் கோட்டை என்னிடம் கொடுத்திருந்தார். அவருக்கு உடம்பு கொஞ்சம் போட்டுவிட்டது. இடுப்பில் பிடிக்கிறது, விட்டுக் கொடுங்கள் என்றார். நான் நாள் சொன்னேன். வந்தார். மறுபடி நாள் சொன்னேன். மறுபடி வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆச்சுங்களா?" என்பார். "காஜா ஒண்ணுதான் பாக்கி" என்பேன். உண்மையில் கோட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. அப்புறம் அவர் மகளுக்குப் பிரசவம் என்று லீவு போட்டுவிட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார். அவர் போன கொஞ்ச நாளில் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது.

வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டுக் கட்டடம் ஆற்றை ஒட்டி இருந்தது. பல வருஷமாக அசையாமல் கிடந்த வழக்குகள் அன்று காலையில் நல்ல வேகத்தில் நகர்ந்து போனதை நானே மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனில் மிஞ்சியது வாசற்படி மட்டும்தான். உங்கள் ஆட்கள் மேட்டுப் பக்கம் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். பாலம் இடிந்ததும் அங்கேயே தங்கிவிட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் தங்கியிருப்பேன்.

நனைந்து வந்தவர்களுக்கெல்லாம் கடையில் தைத்து வைத்திருந்த துணிகளை எடுத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர்களின் துணிதான். ஆனால் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்தேன். கடைசியில் என் உடம்பிலேயே ஈரம் காயாமல் நடுங்க ஆரம்பித்தபோது, கொக்கியில் மிச்சம் தொங்கியது அந்தக் கறுப்புக் கோட்டு ஒன்றுதான். போட்டுக்கொண்டேன். என்னைப்போல் இரண்டு பேர் அதற்குள் போகலாம். ஆனாலும் கதகதப்பாக இருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள் காலை, கீழே தெருவிலிருந்து பால்காரம்மா குரல் கொடுத்தார்.

"ஐயா, கோட்டு மேலயா இருக்கு?"

கோர்ட்டைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குத் தோன்றவில்லை. நீதிபதி வீட்டிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துப் பதறி, "மேலதாம்மா இருக்கு, வாங்க. கொஞ்சம் வேலை பாக்கி" என்றேன்.

மேலே வந்தவர், நீள மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். கேட்க வந்ததைக் கேட்காமல் அப்படியே அழ ஆரம்பித்தார். வெள்ளம் வந்தபோது அவருடைய பசுமாடு ரொட்டிக்கடைக்காரர் வீட்டு மாடிக்கு ஏறிவிட்டது. ஏறின மாட்டுக்கு இறங்கத் தெரியவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மாட்டைத் தரமாட்டேன் என்கிறார், பாலையும் கறந்துகொள்கிறார். பின்னாலேயே அவரும் வந்து சேர்ந்தார்.

"டெய்லரே, அந்த மாடு என் தலகாணி ரெண்டையும் தின்னுடுச்சு. நானும் என் வீட்டுக்காரியும் கூடத்துல தூங்குறோம். கட்டிலுக்குப் பக்கத்துல மாடு நிக்குது. என் கஷ்டத்தை யாருகிட்ட சொல்றது?"

எனக்கு அவர்கள் இருவரும் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது. காலைப் பால் அம்மாவுக்கு, மாலைப் பால் ரொட்டிக்கடைக்காரருக்கு, தீவனம் ஆளுக்குப் பாதி, மாடு தானாக மனம் மாறி இறங்கும் வரைக்கும் இப்படியே என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ரொட்டிக்கடைக்காரர், "சரிங்கய்யா" என்றார். அதுவரை அவர் என்னை ஐயா என்று கூப்பிட்டதே இல்லை. ஏம்ப்பா டெய்லர் என்பதுதான் வழக்கம்.

நான் யார் என்று ஊருக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் கறுப்புக் கோட்டைப் பார்த்தால் ஜனங்களின் முதுகு தானாக வளைகிறது. அவர்களுக்கு ஆள் முக்கியமில்லை. உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும்.

மறுநாளே இன்னொன்று நடந்தது. அதை மட்டும் தயவுசெய்து முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். நிவாரண முகாமிலிருந்து பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்துவிட்டான் என்று ஒருவனை விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். இரும்புக்கடைக்காரர் கடையிலிருந்து கம்பி கொண்டுவந்திருந்தார். ஒரு கையை உடைப்பதா இரண்டு கையையுமா என்பதில்தான் பேச்சு நின்றிருந்தது. நான் வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினேன். கோட்டைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. வழிவிட்டால் நடுவில் போய்த்தானே நிற்க வேண்டும்.

"யார் விசாரிச்சது?" என்று கேட்டேன். இரும்புக்கடைக்காரர் கம்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "விசாரிக்காம அடிச்சா, நாளைக்கு உங்களையும் இதே கம்பத்துலதான் கட்டுவாங்க" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். அவன் தங்கை குழந்தைக்காக எடுத்திருந்தான். முகாமுக்குத் தண்ணீர் சுமக்கச் சொல்லி விட்டுவிட்டேன். இன்றைக்கு அவனுக்கு இரண்டு கையும் இருக்கிறது. இதில் நான் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு படிக்கட்டு முழுக்க ஆட்கள். வெள்ளம் பொருள்களையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டது, அதுதான் காரணம். சலூன்காரரின் சுழல் நாற்காலி மருந்துக்கடைக்குள் இருந்தது. மருந்துக்கடைக்காரரின் பிரிட்ஜ் சலூனுக்குள் இருந்தது. யாருடைய குளியலறைக் கதவோ பள்ளிக்கூடத்து வாசலில் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள்.

ஒரு கோர்ட்டு என்றால் சில ஏற்பாடுகள் வேண்டும். போலீசுக்கு என் மச்சினனைப் போட்டேன். சினிமா தியேட்டரில் காவலாளி வேலை பார்த்தவன். யூனிபாரம், விசில், டார்ச் எல்லாம் சொந்தமாக வைத்திருந்தான். பழக்கதோஷத்தில் உள்ளே வருகிறவர்களின் முகத்தில் டார்ச் அடித்து, எந்த வரிசை என்று கேட்பான். சத்தியம் வாங்க ஒரு தடித்த புத்தகம் தேவைப்பட்டது. கடையில் இருந்தது கோட்டு சூட்டு மாடல் படப்புத்தகம்தான். அதன் மேல் கை வைத்தே சத்தியம் செய்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று யாராவது கேட்டால் அதையே புரட்டிப் பார்த்துச் சொல்வேன். ஜெயிலுக்குத் திரை கட்டிய மறைப்பு. கதவு கிடையாது. திரைக்கு வெளியே வரக் கூடாது என்று சொல்லிவைத்தோம். பெரும்பாலோர் வரவில்லை. வெளியே வர முடிந்தும் வராமல் இருப்பதுதான் சட்டத்தின் ஆட்சி என்று நான் நினைக்கிறேன்.

வாய்தா கொடுக்க மட்டும் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பு வரும்வரை வழக்கில் உள்ள பொருள் கோர்ட்டின் பொறுப்பில் இருக்க வேண்டும். கோர்ட்டு என் வீட்டில் இருந்தது. அதனால் பிரிட்ஜ், சோபா, பெரிய டிவி, ஊஞ்சல், சலூன் நாற்காலி எல்லாம் வீட்டுக்குள் வந்தன. பிரிட்ஜை ஓடவிட்டுப் பார்த்தால்தானே அது பிரிட்ஜ் என்று ஊர்ஜிதமாகும். அப்படித்தான் உபயோகித்தோம். உங்கள் ஆட்கள் வந்து எடுத்தபோது அதற்குள் இருந்த கேக் கூட ஒரு சான்றுப் பொருள்தான். எந்த வழக்கு என்பது இப்போது ஞாபகம் இல்லை.

மேல்முறையீடு என் வீட்டுக்காரியிடம். அது நான் செய்த ஏற்பாடு அல்ல. தோற்றவர்கள் நேராகச் சமையலறைக்குப் போய் அவளிடம் புலம்ப ஆரம்பித்தார்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். பிறகு அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

"என்னங்க, இந்தம்மா சொல்றதுதான் நியாயம். அந்த சோபாவைத் திருப்பிக் குடுங்க. எனக்கும் அது உட்கார்ந்தா முதுகு வலிக்குது."

கொடுத்துவிடுவேன். மேல் கோர்ட்டு சொன்னால் கீழ் கோர்ட்டு கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் ஊர் அமைதியாக இருந்தது. அடிதடி நின்றுவிட்டது. எதிர்க்கடையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டே இரண்டு எதிரிகள் தங்கள் வழக்கைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன்.

ஒரு சட்டம் மட்டும் நானாகப் போட்டேன். தையல்காரரிடம் எப்போது கிடைக்கும் என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் நீதிமன்ற அவமதிப்பு. நீதிபதியாக இருந்துகொண்டே தையலும் பார்க்கிறவனுக்கு மனம் ஒரு நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காகப் போட்டது. முகூர்த்தம், விசேஷம் என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கு இரட்டைத் தண்டனை.

ரெடிமேடு கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் திரைக்குப் பின்னால் நெடுநாள் இருந்தார் என்பது உண்மை. அவர் விற்ற சட்டையில் முதல் துவைப்பிலேயே பட்டன் விழுந்ததாக ஒருவர் புகார் கொடுத்தார். புகார் கொடுத்தவர் என் மச்சினன். பொதுமக்களின் நலன் கருதிக் கடையை மூடச் சொன்னேன். அவர் வந்த பிறகு என் கடைக்குக் கூட்டம் குறைந்துபோனது, நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டது சரிதான். அதற்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. நான் தனிப்பட்ட முறையில் அவரிடம் கோபப்பட்டதே கிடையாது. திரைக்குப் பின்னால் இருந்தபோது அவருக்குப் பொழுது போகட்டும் என்று காஜா எடுக்கக் கொடுத்தேன். நன்றாகவே எடுத்தார்.

இப்படி ஊர் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் மச்சினன் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான்.

"மாமா, ஒருத்தன் படகுல வந்து எறங்கியிருக்கான். அரை டவுசர், தாடி, மேலெல்லாம் சேறு. என் கோர்ட்டு எங்க, என் கோர்ட்டு எங்கன்னு கேட்டுக்கிட்டே கடைத்தெருவுல வர்றான். கோர்ட்டே அவனோடதாம். புடிச்சிட்டேன்."

"என்ன குற்றம்?"

"நீதிபதின்னு சொல்லிக்கிறான் மாமா. உடம்புல கோட்டு இல்ல. ஆள்மாறாட்டம்."

அவன் பின்னால் படியேறி வந்த மனிதர் மேலே வந்து நின்று மூச்சு வாங்கினார். என்னைப் பார்த்தார். நான் போட்டிருந்ததைப் பார்த்தார்.

"அது என் கோட்டு" என்றார்.

"விசாரிக்கலாம்" என்றேன். விசாரணையை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தேன். அவரைத் திரைக்குப் பின்னால் ரெடிமேடு கடைக்காரரோடு உட்காரவைத்தார்கள்.

மறுநாள் கடை கொள்ளவில்லை. படிக்கட்டிலும் கீழே தெருவிலும் ஆட்கள் நின்றார்கள். மச்சினன் தலையில் புதிதாக ஒரு கறுப்புத் தொப்பி இருந்தது. முன் வரிசையில் இருந்த ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னிக்கு கோட்டு உங்களுக்குக் கச்சிதமா இருக்குங்கய்யா" என்றார். வெயிலில் காயப்போட்டால் துணி சுருங்கும் என்றேன்.

படகில் வந்தவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னபோது அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு வைத்தார். தான்தான் இந்த ஊர் நீதிபதி என்றார். இரும்புக்கடைக்காரர் எழுந்து, "முகஜாடை இருக்குங்க, ஆனா அவரு இவ்வளவு குள்ளம் இல்லையே" என்றார். கோர்ட்டில் நீதிபதி எப்போதும் மேடையில்தான் உட்கார்ந்திருப்பார். அதனால் அவருடைய உயரம் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கோர்ட்டுக்குப் போனவர்களும் தலையைக் குனிந்துகொண்டே நின்றுவிட்டு வந்தவர்கள்.

"நான் கோட்டைத் தைக்கக் குடுத்தேன். நாலஞ்சு தடவை வந்து கேட்டேன். காஜா பாக்கி, காஜா பாக்கின்னு இவரு சொன்னாரு" என்றார்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எப்போது கிடைக்கும் என்று கேட்டதை அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் சட்டம் வருவதற்கு முன்னால் கேட்டது என்பதால் அதை நான் மன்னித்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"உங்க கோட்டுன்னா, போட்டுக் காட்டுங்க" என்றேன்.

கோட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். பனியனோடு, கழுத்தில் அளவு டேப்போடு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் ஊரில் நீதிபதி என்று யாருமே இல்லை. பால்காரம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ சங்கடம் இருந்தது, தெருவில் வேட்டி அவிழ்ந்த ஆளைப் பார்ப்பதுபோல. அந்த மனிதர் சீக்கிரம் போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றிக் கொடுத்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அவர் போட்டார். கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான் வந்தது. முன்பக்கம் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டன. இழுத்தார். முதுகில் ஏதோ விட்டுப்போன சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் சிரித்தார், அப்புறம் தெரு வரைக்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையை உயர்த்தி, தையலைத் திருப்பி, உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கோட்டு இந்தக் கோர்ட்டைச் சேர்ந்தது, ஆள்மாறாட்டம் நிரூபணமாகிவிட்டது, பாலம் கட்டி முடியும்வரை முகாம் சமையலறையில் வெங்காயம் வெட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். மூட்டை மூட்டையாக வெங்காயம் வந்து இறங்கியிருந்தது, வெட்டத்தான் ஆள் இல்லை. தண்டனையிலும் ஒரு பிரயோஜனம் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அவர் முறைப்படி மேல்முறையீடு செய்தார். சமையலறை வாசலில் நின்று தன் தரப்பைச் சொன்னார். என் வீட்டுக்காரி முழுதாகக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அவரு நீதிபதிதானே?"

"விசாரணை முடிஞ்சுபோச்சு."

"என்னங்க, நான் உங்ககூட குடும்பம் நடத்துறவ. தம்பி தலையில இருக்குற தொப்பி எந்தத் துணின்னு எனக்குத் தெரியாதா? கோட்டைக் குடுத்துட்டு அவரு கால்ல விழுங்க. இதுதான் என் தீர்ப்பு."

நான் கோர்ட்டுக்குத் திரும்பி வந்து, மேல்முறையீட்டு நீதிமன்றத்தை அன்றோடு கலைப்பதாக உத்தரவு போட்டேன். அவள் பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு பால்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு எனக்கு வீட்டில் சாப்பாடு இல்லை. முகாமில் வரிசையில் நின்றுதான் சாப்பிட்டேன். வெங்காயம் சீராக வெட்டியிருந்தார்கள்.

பாலம் சரியானதும் தலைநகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. சட்டம் ஒழுங்கை மீட்பதற்கான குழு. மடக்கு நாற்காலிகள், ஒலிபெருக்கி, நீதியை மீண்டும் கட்டுவோம் என்று எழுதிய பெரிய துணி, எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். துணியில் ஓரம் மடித்துத் தைக்காமல் விட்டிருந்தார்கள். நான் தைத்துக் கொடுத்தேன். எல்லா ஊரிலும் கலவரம், இங்கே மட்டும் எப்படி இவ்வளவு ஒழுங்கு என்று குழுத் தலைவி ஆச்சரியப்பட்டார். திரைக்குப் பின்னால் இருந்தவர்களைக் காட்டினேன். கதவே இல்லாத ஜெயிலை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். அவர் கண்ணில் ஈரம் இருந்தது. என்னை மற்ற ஊர்களுக்கு அழைத்துப்போய்ப் பேசவைக்கப் போவதாகச் சொன்னார்.

மத்தியானம் முகாமில் சாப்பாடு. அம்மையார் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, வெங்காயம் இவ்வளவு பொடியாக யார் வெட்டியது, அந்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் தட்டோடு எழுந்து தானே சமையலறைக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

மூட்டைகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அம்மையார் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

"ஐயா, நீங்களா?"

அந்த அம்மாள் படிப்பு முடித்த புதிதில் இவரிடம்தான் வேலை கற்றுக்கொண்டாராம். அது எனக்குத் தெரிய வாய்ப்பில்லை.

"எழுந்திரிங்கய்யா, போலாம்" என்றார் அவர்.

"இன்னும் அரை மூட்டை பாக்கி இருக்கும்மா. முடிச்சிட்டு வந்துடுறேன்."

"யாரு உங்களை இப்படி உட்கார வெச்சது? நீங்க ஏன் ஓடிப்போகலை?"

"தப்பான உத்தரவுதான். ஆனா உத்தரவுன்னு ஒண்ணு போட்டாச்சே. அதை ரத்து பண்ண மேல கோர்ட்டு இருந்துச்சு. நல்ல கோர்ட்டும்மா அது, எனக்குச் சாதகமாத்தான் சொல்லுச்சு. அதைக் கலைச்சுட்டாரு. இந்த ஊரு இப்பத்தான் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படக் கத்துக்கிட்டிருக்கு. நானே எழுந்து ஓடினா அப்புறம் எவன் உட்காருவான்?"

அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. நான் கொடுத்த தண்டனை அவரைக் கெடுத்துவிடவில்லை.

அம்மையார் கேட்ட இரண்டு கேள்வியிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. சொன்னது மச்சினன்தான். குழுவோடு வந்திருந்த நிஜப் போலீசைப் பார்த்ததும் விசிலை ஊதி என் தோளில் கை வைத்தான். "மன்னிச்சிடுங்க மாமா, டூட்டி" என்றான். என்னைக் கடைக்குக் கூட்டிவந்தபோது ரெடிமேடு கடைக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையில் இருந்த சட்டைக்குக் கடைசிக் காஜாவை முடித்து, மேசை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். பால்காரம்மாவும் ரொட்டிக்கடைக்காரரும் மட்டும், மாடு இன்னும் இறங்கவில்லை, எங்கள் தீர்ப்பு செல்லுமா செல்லாதா என்று அம்மையாரிடம் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அவர் நீதிபதி என்று தெரிந்தேதான் செய்தேனா.

தெரிந்தேதான் செய்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, படியில் அந்த மூச்சு வாங்கும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. விசாரணையை ஒத்திவைத்தது கோட்டைப் பிரிப்பதற்காகத்தான். அன்று சாயங்காலமே உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிடித்து, தோளை ஏற்றி, கையை வெட்டினேன். வெட்டின துணியில் மச்சினனுக்குத் தொப்பி. அவர் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். மெஷின் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். ஒரு கட்டத்தில், "கோட்டு வேலைங்களா?" என்று அங்கிருந்தே கேட்டார். ஆமாம் என்றேன். "மெதுவா செய்யுங்க, அவசரமில்ல" என்றார். என் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதுகூட நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கோட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது.

ஆகவே ஆள்மாறாட்டம், சான்றை மாற்றியது, சட்டவிரோதக் காவல், அந்தக் கேக், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். போடுகிறேன்.

ஆனால் நாளைக்கு என்னை அவர் முன்னால்தான் நிறுத்தப்போகிறீர்கள் என்று இப்போது சொல்கிறீர்களே, அதை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன். ஊரில் வேறு நீதிபதி இல்லை என்பது ஒரு காரணமா? இந்த விவகாரத்தில் அவரும் ஒரு கட்சி. தனக்குச் சம்பந்தமுள்ள வழக்கில் தானே கோட்டை மாட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல உட்காருகிற மனிதனை, இன்ஸ்பெக்டர் ஐயா, நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.